தேடினால் வராத விடுதி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: தகவல் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்ற நான், ஓர் இணையத்தளத்தை ஆறு வாரங்கள் உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தேன். அது ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று அதே ஆறு வாரமும் வீட்டாருக்கு விளக்கமும் கொடுத்தேன்.

தளம், நாங்கள் நானா என்றழைக்கும் என் அண்ணனின் மனைவி நிஸ்ரினா மதினியுடையது. ஆலங்குடாக் கடற்கரையில் மூன்று அறைகள். பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் பறக்க வரும் வெளிநாட்டாருக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். (எங்கட பிள்ளைகள் பட்டம் விட்டால் வேலை இல்லாதவர்கள், இவர்கள் விமானம் ஏறி வந்து விடுகிறார்கள்.) கட்டாரிலிருந்து திரும்பியிருந்த நானா ஒரு கெடு வைத்திருந்தார்: காற்றுக் காலத்துக்கு முன் அறைகளுக்கு ஆள் வராவிட்டால் மறுபடி கட்டார். அவருடைய மகளுக்கு அப்போதுதான் வாப்பாவின் முகம் பழகியிருந்தது.

தளத்தை நான் செய்தேன். என் வாப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"வெள்ளிக்கிழமை துஆ ஓதி ஸஹன் வெக்கிற வரைக்கும் ஒருத்தர்ட கண்லயும் பட வேணாம் மகள். கண்ணூறு பொல்லாதது."

கண்ணூறுக்கும் ஒரு பெட்டி இருப்பது படித்த எனக்குத் தெரியும். தளத்தின் செட்டிங்ஸில் 'தேடுபொறிகள் இத்தளத்தைச் சேர்க்க வேண்டாம்' என்ற பெட்டியில் டிக் போட்டேன். வெள்ளி வந்தது; துஆ ஓதினோம்; ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் ஸஹன் என்ற அந்தப் பெரிய தட்டில் கோழிப் பொரியல் எனக்கு நேராக அமைந்தது. நான் மறந்துபோன டிக் அப்படியே கிடந்தது.

எல்லாருடைய போனிலும் தளம் திறந்தது, ஏனென்றால் முகவரியை நானே அடித்துக் கொடுத்திருந்தேன். மதினி மட்டும் திருப்தியடையவில்லை. அறை தயாரானால் பையைத் தூக்கிக்கொண்டு கேற்றிலிருந்து விருந்தாளியாகவே நடந்து வருபவர் அவர். கட்டிலில் படுத்து, குழாயைத் திறந்து, கதிரையை ஆட்டிப் பார்ப்பார். தளத்தையும் அப்படியே பார்த்தார், பக்கத்து வீட்டுப் போனை இரவல் வாங்கி.

"ஸஹ்ரா, ஆலங்குடா ரூம் எண்டு தேடினேன். ஊர்ல உள்ளதெல்லாம் வருது, எங்கட வரல்ல. எங்கட பேரையே அடிச்சேன். அதுக்கும் வரல்ல."

பெயரைச் சொல்லியும் வராவிட்டால் பட்டியலில் பின்னால் நிற்பதல்ல, பட்டியலிலேயே இல்லை என்று அர்த்தம். இதை அவருக்கு நானல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நானோ பதினொரு காரணங்கள் எழுதினேன். ஒன்று, தளம் புதிது. இரண்டு, படங்கள் பாரம். நான்கு, வேறு தளங்கள் எதுவும் எங்களைச் சுட்டவில்லை. (மூன்றாவது இப்போது நினைவில்லை, அன்று அதுதான் மிக முக்கியம்.) வாரத்துக்கு இரண்டாகத் திருத்திக் கோடு போட்டேன்.

ஆறாம் வாரம் நானா பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் புத்தளம் போனார். மதினி கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"ஒங்கட லிஸ்ட் வேணாம். எல்லாப் பக்கத்தையும் தொறங்க, நான் வாசிக்கிறன்."

"அதெல்லாம் செட்டிங்ஸ் மதினி, உங்களுக்கு விளங்காது."

"விளங்காட்டி கேக்கிறன்."

என்னைவிட ஒரு வயது இளையவர், பள்ளிக்கூட ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி, ஒரு வரி விடாமல் வாசித்தார். ஐந்தாம் பக்கத்தில் விரல் நின்றது.

"தேடுற ஆக்களுக்கு எங்களக் காட்ட வேணாம் எண்டா இது சொல்லுது?"

"...ஓம்."

"டிக் போட்டது ஆரு?"

என் பதினொரு காரணங்களில் என் பெயர் இருக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டிக்கை எடுத்தேன், திரும்ப வந்து பார்க்கும்படி தேடுபொறிக்கு விண்ணப்பமும் அனுப்பினேன். நானா படங்களோடு வந்து கேட்டபோது மதினி சொன்னார்: "சின்னப் பூட்டொண்டு விழுந்து கெடந்திச்சி. ஸஹ்ரா தொறந்துட்டா."

அந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை, முழுவதையும் சொல்லிவிட்டேன். நானா தலையில் கைவைத்தார். வாப்பா மட்டும் என் பக்கம்: "ஆறு கெழம ஒரு கண்ணூறு பட்டிச்சா, சொல்லுங்க பாப்பம்?"

ஒன்பதாம் நாள் பெயரை அடித்ததும் விடுதி வந்தது. இரண்டு நாள் கழித்து, போலந்திலிருந்து ஒரு தம்பதி பதினைந்து நாளுக்கு அறை கேட்டு எழுதினார்கள். அவர்கள் தங்களுடைய நண்பர்களையும் கூட்டி வந்தார்கள். நானா போகவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட் இன்னமும் இடைக்கிடை நானாவைக் கேட்டு அழைப்பார். போனை எடுப்பது மதினிதான்.

"அவருக்கு டிக் போட்டு வெச்சிரிக்கம். தேடினா வர மாட்டார்."

அந்த மனிதருக்கு ஒன்றும் விளங்காது. வீடே சிரிக்கும். நான் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போவேன்.