செருப்புக்கு ஒரு நியாயம்

பொருளாதாரம் படித்த உறவினர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் குடும்பத்தில் இல்லையென்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். விருந்துகளில் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டுப் பழகியிருப்பீர்கள். எனக்கு அவர் சகலையாக வாய்த்தார். கல்லூரிப் பேராசிரியர்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மைத்துனன். செருப்புப் பட்டறை வைத்து ஏழு பேருக்கு வேலை கொடுத்தவன். வெளிநாட்டுச் செருப்பு பாதி விலையில் வந்து இறங்கியதும் பட்டறை ஆட்டம் கண்டது. இறக்குமதிக்கு வரி போடச் சொல்லி ஒரு மனு எழுதித் தரும்படி பேராசிரியரிடம் போனான். அவர் மனு எழுதவில்லை. உப்புக் குப்பியை ஒரு நாடாகவும் தண்ணீர்க் குவளையை இன்னொரு நாடாகவும் நிறுத்தி, கரண்டியை நடுவே கப்பலாக ஓட்டி, ஒன்றரை மணி நேரம் விளக்கினார்.

"மலிவா வர்றதத் தடுக்கக் கூடாது மாப்ள. வாங்குறவனுக்கு லாபம்தானே?"

"என்கிட்ட வேலை செய்யிறவங்க, அத்தான்?"

"வேற தொழில் கத்துக்கட்டும். கொஞ்ச நாள் வலிக்கும்."

யாருக்கு என்று சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் பட்டறையை மூடிவிட்டு, மைத்துனன் ஒரு கடையில் அதே வெளிநாட்டுச் செருப்பை விற்கப் போனான்.

மறு வருடம் கல்லூரி நிர்வாகம், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பாடங்களை வீடியோவாக வாங்கிப் போட முடிவு செய்தது. பாதிச் செலவு, மாணவர்களுக்குக் கட்டணமும் குறையும். நம்மவர் பதினெட்டுப் பக்கத்தில், முப்பத்தொரு அடிக்குறிப்புகளோடு மனு எழுதினார். படிக்காதவனாக இருந்தால் "என் பிழைப்பு போகிறது" என்று ஒரே வரியில் எழுதியிருப்பான். அந்த ஒரு வரி மட்டும் எங்குமே தலைகாட்டாதபடி பதினெட்டுப் பக்கம் எழுத வேண்டுமே! படிப்பு வேறு எதற்கு?

ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியவர், மைத்துனனிடமும் வந்தார்.

"மலிவா வந்தா நல்லதுன்னு சொன்னீங்களே, அத்தான்."

"செருப்பு வேற, கல்வி வேற மாப்ள. இப்போ பாரு..."

"விளக்க வேண்டாம் அத்தான், போடறேன். உங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?"

முப்பத்தொரு அடிக்குறிப்பிலும் இல்லாத காரணம் அது. பேராசிரியர் காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். மனு ஜெயித்தது. வீடியோ வரவில்லை. செருப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இதை எழுதி முடித்து அவரிடமே படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க துறைத் தலைவர் அப்படியே இருக்கார்" என்றார்.

நீங்கள் யாரை நினைத்துச் சிரித்தீர்கள்?