ஆறு தூண்டிலும் அத்தான் காதும்

ஒரு காரியத்தை அறவே தெரியாதவர்களால் பெரிய சேதம் எதுவும் வராது. நாலு பேரைக் கேட்பார்கள், கை நடுங்கும், பாதியில் விட்டுவிடுவார்கள். அதற்குப் பக்கத்துக் காரியம் ஒன்றை நன்றாகக் கற்றவர்களைக் கண்டால்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். யாரையும் கேட்க மாட்டார்கள். கையும் நடுங்காது.

எனக்கு முடிச்சுப் போடத் தெரியும். பெண்களுக்கான வைத்தியப் பள்ளியில், அறுபட்ட ரத்தக் குழாயைப் பட்டு நூலால் கட்டி இறுக்குவதில் என் வகுப்பில் எனக்கு இணை கிடையாது. மேஜைக் காலில், நாற்காலிக் கையில், குடைக் கம்பியில் என்று கண்டதிலெல்லாம் போட்டுப் பழகியவள். (பவானிபூரில் எங்கள் வீட்டுக் கொசுவலையை இறக்க அந்நாளில் கத்தரிக்கோல் தேவைப்பட்டது.) என்னைப் படிக்க வைத்தவர் அத்தை மகனும் கணவருமான சங்கரன். அலிப்பூரில் சர்க்கார் குமாஸ்தா. "பொம்பளைப்பிள்ளையைக் கத்தி பிடிக்க விடலாமா?" என்று திருநெல்வேலியிலிருந்து வந்த வசவுகளையெல்லாம் தாமே வாங்கி வைத்துக்கொண்டவர்.

பரீட்சை தேறி, ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் துரைசாணியிடம் நான் தொழில் பழகிக்கொண்டிருந்த சமயம். ஆபரேஷன் அறையில் அவருக்கு ஓர் உதவியாள் வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. அது கிடைத்தால் நான் படித்த படிப்புக்கு அர்த்தம் உண்டு. கிடைக்காவிட்டால் மருந்து அறையில் ஆயுள் முழுக்கக் குப்பி கழுவலாம்.

பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் துரைசாணி என்னைக் கூப்பிட்டார்.

"கோமதி, நாளன்றைக்கு டயமண்ட் ஹார்பரிலிருந்து லாஞ்சில் கடல்முகம் போகிறோம். மீன் பிடிக்க. ஊருக்குத் திரும்பிய என் தம்பி தூண்டில் பெட்டியை விட்டுப் போயிருக்கிறான். எனக்கும் அது புதிதுதான். உங்களுக்குத்தான் முடிச்சு அழகாக வருமே, தூண்டில்களை நூலோடு இணைப்பது உங்கள் வேலை. ஆபரேஷன் அறை விஷயத்தை அப்புறம் பேசலாம்."

அடுத்தடுத்து வந்த அந்த இரண்டு வாக்கியங்களையும் நான் சேர்த்துத் தைத்துவிட்டேன். இது பரீட்சை! கால் தரையில் படாமல் வீடு வந்தேன்.

"மீன் பிடிக்கவா?" அத்தான் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஏட்டி, நாம சைவம்லா?"

"பிடிக்கத்தான் போறேன் அத்தான். திங்கவா போறேன்?"

"பிடிச்ச பெறவு அது என்ன, நம்ம வீட்டுக்குத் தேவாரம் படிக்கவா வரும்?"

"நான் மீனைத் தொடவே மாட்டேன். நூலை மட்டுந்தான் தொடுவேன்."

"நூலுக்கு அந்தப் பக்கம் யாரு இருப்பா?" என்று முனகினார். ஆனாலும் மனைவியைத் தனியாகக் கடலுக்கு அனுப்ப மனம் வராமல், ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறோடு தாமும் கிளம்பிவிட்டார்.

எங்களோடு வந்த இன்னொருவர் நர்ஸ் ஹேமாங்கினி. நாங்கள் ஹேமா தீதி என்போம். பூஜைக்கு ஜாமாய், அதாவது மருமகப்பிள்ளை, வந்திருக்கிறாராம். கடலில் பிடித்த பேட்கி மீனை அவர் இலையில் போடுவதாகப் தம் பாடா, அதாவது அக்கம்பக்கத் தெரு, முழுவதும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

லாஞ்ச் புறப்பட்டது. ஆற்றின் செம்மண் நிறம் மெல்ல வெளுத்துச் சாம்பலாகி, பிறகு பச்சையானது. உதட்டில் உப்புக் கரித்தது. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை! கடலுக்கு வந்துவிட்டேன், கோமதி கடலுக்கு வந்துவிட்டாள் என்று எனக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. அத்தானும் ஏதோ கூவினார். எட்டிப் பார்த்தேன், வாந்தி. பின்பக்கப் பெஞ்சில் துண்டை விரித்துப் படுக்க வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன்.

பெட்டியில் ஒரு பிரம்பு. அதன் சக்கரத்தில் தடித்த பெரிய நூல். தகர டப்பாவில் ஆறு தூண்டில்கள். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளப் பட்டுப்புழு நரம்பு, நுனியில் ஈயக்குண்டு, நடுவில் இரண்டு முள். நரம்பைப் பார்த்ததும் எனக்குப் பழைய சிநேகிதியைக் கண்டாற்போல் ஆயிற்று. காயம் தைக்க நாங்கள் பயன்படுத்தும் அதே நரம்பு! காய்ந்திருந்தால் ஒடியும், ஊறினால் வளையும். அதுகூடத் தெரியாதவளா நான்? துரைசாணியின் கைப்பையிலிருந்த கார்பாலிக் கிருமிநாசினியைக் கிண்ணத்தில் கலந்து எல்லாவற்றையும் ஊற வைத்தேன்.

"மீனுக்குப் புண் சீழ் பிடிக்காது, நல்லது" என்றார் ஹேமா தீதி. இறாலை முள்ளில் குத்துவது அவர் வேலை.

ஒவ்வொரு தூண்டிலின் தலையிலும் நரம்பை மடித்து ஒரு கண்ணி போட்டிருந்தது. பெரிய நூலின் நுனியிலும் ஒரு கண்ணி. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அதற்கு ஏதோ நோக்கம் இருக்கும் என்று புத்தியுள்ளவள் நினைப்பாள். நான், துரைசாணியின் தம்பி சோம்பேறி என்று நினைத்தேன். ஆபரேஷன் அறையில் இப்படி வளையம் தொங்க விட்டால் வெளியே துரத்திவிடுவார்கள். எடுத்தேன் கத்தரிக்கோலை. பெரிய நூலின் கண்ணி போயிற்று. தூண்டில்களின் கண்ணிகளும் ஒன்றொன்றாகப் போயின. ஆறாவதை எடுக்குமுன் நங்கூரம் போட்டாகிவிட, துரைசாணி அழைத்துவிட்டார்.

பெரிய நூலையும் நரம்பையும் சேர்த்து வைத்தியர் முடிச்சு ஒன்று போட்டேன். முதல் சுற்று இரட்டை, அடுத்தது ஒற்றை, வால் இரண்டையும் ஒட்ட நறுக்கல். அது முடிச்சா, முத்து!

துரைசாணி வீசினார். கொஞ்ச நேரத்தில் பிரம்பு வில்லாக வளைந்தது. லாஞ்சே கத்தியது.

"பேட்கி! பேட்கி!" என்று ஹேமா தீதி குதித்தார். தண்ணீருக்குள் வெள்ளியாய் ஒரு புரளல். பிறகு பிரம்பு சட்டென்று நிமிர்ந்தது. நூல் வெறுமனே திரும்பி வந்தது, நுனியில் சின்னச் சுருளோடு.

"பெரிய மீன்" என்றார் துரைசாணி.

"மிகப் பெரியது" என்றேன் நான். முடிச்சைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. (தடித்த நூலோடு மெல்லிய நரம்பை அந்த முடிச்சால் சேர்த்தால் வழுக்கும் என்பதும், ஒட்ட நறுக்கினால் வழுக்குவதற்கு வழிவிட்டதாகும் என்பதும் மீன்களுக்குத் தெரிந்திருந்தது.) நான்காவது தூண்டில் மீனுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வீசின வேகத்திலேயே கழன்று, ஈயக்குண்டும் முள்ளும் இறாலுமாகத் தனியே வானத்தில் பறந்து போய்க் கடலில் விழுந்தது.

"கீ ஷர்போநாஷ்! எல்லாம் நாசமாயிற்று!" ஹேமா தீதி தலையில் கை வைத்தார். "என் ஜாமாய்க்கு இன்றைக்கு வெறும் கத்தரிக்காய்தான்."

பெஞ்சிலிருந்து ஈனக் குரல் வந்தது. "எல்லாம் தீந்துட்டா? வீட்டுக்குப் போலாமாட்டி?"

துரைசாணி குனிந்து, என் காலடியில் சிதறிக் கிடந்த நரம்பு வளையங்களில் ஒன்றை எடுத்தார்.

"இது என்ன?"

"தேவையில்லாத கண்ணிகள், மேடம். சுத்தமாக நறுக்கிவிட்டேன்." குரலில் பெருமை வேறு.

அவர் அந்த வளையத்துக்குள் தம் சுண்டுவிரலை நுழைத்து என் முன்னால் நீட்டினார்.

"கோமதி, என் தம்பி ஒரு கண்ணியை இன்னொரு கண்ணிக்குள் நுழைத்து இழுப்பான். முடிச்சே போட மாட்டான்."

கடல் அப்படியே நின்றுவிட்டது. என் ஆபரேஷன் அறை, வெள்ளை மேலங்கி, படித்த படிப்பு எல்லாம் நான்காவது தூண்டிலோடு பறந்து போவதைப் பார்த்தேன். வரிசையாகக் குப்பிகள் தெரிந்தன.

"ஒன்றில் கண்ணி மிச்சமிருக்கிறது" என்றேன்.

"அப்படியானால் அதை நீங்களே இணைத்து, நீங்களே வீசுங்கள்."

பெரிய நூலில் புதுக் கண்ணி போட்டேன். அதனுள் தூண்டிலின் கண்ணியை நுழைத்து, ஈயக்குண்டையும் முட்களையும் அதன் வழியே இழுத்தேன். இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. அவ்வளவுதான்! கைக்குழந்தை செய்யும். பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தேன். கல்! எனக்கு வந்த ஆவேசத்தில், பின்னால் யார் என்று பாராமல் பிரம்பைத் தோளுக்கு மேல் ஓங்கினேன்.

கனத்தது.

வீசுமுன்னே மாட்டியது எப்படி என்று யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. "மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!" என்று கூவிக்கொண்டு வெட்டி இழுத்தேன்.

"அடியேய், நான்தாம்ட்டி!"

வீட்டுக்கு எப்போது போகலாம் என்று மறுபடி கேட்க எழுந்து வந்திருக்கிறார் அத்தான். முள் இடது காதின் மேல்மடலில் ஏறியிருந்தது. நான் இழுத்த இழுப்பில் மடல் கிழிந்தும் இருந்தது. கண்ணிகளின் பிணைப்பு மட்டும் இம்மியும் அசையவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், ரத்தத்தைப் பார்த்ததும் என் படபடப்பு அடங்கிவிட்டது. இது எனக்குத் தெரிந்த ஊர். "அசையாதீங்க அத்தான்" என்றேன். முள்ளின் நுனியை முன்னால் தள்ளி வெளியே எடுத்து, பெட்டியிலிருந்த குறடால் அதன் எதிர்முள்ளை நறுக்கி, வந்த வழியே உருவினேன். கைப்பையில் ஊசி இருந்தது. தைக்க நரம்பு? கிண்ணத்தில் ஐந்தாவது தூண்டில் கார்பாலிக்கில் பதமாக ஊறிக்கொண்டிருந்தது!

மயக்க மருந்து இல்லை. அத்தானின் தலையைத் தம் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஹேமா தீதி சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். "பாபு, கவலைப்படாதீர்கள். இன்னொரு நாள் மீன் கிடைக்கும். கடுகு அரைத்து, தலையைப் பிளந்து, கண்ணை எடுக்காமல்..."

"தீதி, போதும்" என்றார் அத்தான்.

"எண்ணெயில் அந்தக் கண் இப்படி வெள்ளையாக..."

"ஏட்டி, இவங்களை நிப்பாட்டச் சொல்லு! நீ எத்தனை குத்து வேணும்னாலும் குத்து!"

தையல் போட்டது அவருக்குத் தெரியவே இல்லை. முதல் சுற்று இரட்டை, அடுத்தது ஒற்றை, வால் ஒட்ட நறுக்கல். அதே முடிச்சு. இங்கே வழுக்கவில்லை.

துரைசாணி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரம்பை என் கைக்கு எட்டாத மூலையில் கொண்டுபோய் வைத்தார்.

"விடுமுறை முடிந்ததும் ஆபரேஷன் அறைக்கு வந்துவிடுங்கள், கோமதி. தைக்கும் இடத்திலெல்லாம் முடிச்சு உங்களுடையது. ஆனால் எதையும் ஓங்கக் கூடாது."

நான் அழுதேன், சிரித்தேன், அத்தானின் பங்குப் புளிச்சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டேன். ஹேமா தீதி டயமண்ட் ஹார்பர் கடைத்தெருவில் ஒரு பேட்கி வாங்கினார். கடலில் தாமே பிடித்ததாக ஜாமாயிடம் சொன்னார் என்று கேள்வி.

காயம் ஆறிவிட்டது. ஆனால் காதின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நான் கொடியில் சேலை உலர்த்தக் கையை ஓங்கினால் இன்றைக்கும் அத்தான் காதைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் போதும். பள்ளம் இருக்கும் பக்கத்தை வெளிச்சத்தில் காட்டியபடி உட்காருவார். வந்தவர் கேட்கும் வரைக்கும் அப்படியே இருப்பார். கேட்டதும் சொல்வார்:

"கடலுக்குப் போயி இவ பிடிச்சது ஒரே ஒரு மீனுதான். அதுவும் சைவ மீன்."