மாப்பிள்ளை பாகை ஓடவிட்டுச் சூடு பார்த்த விவகாரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் எழுதுவது. தாங்களும் வீட்டம்மாவும் சௌக்கியம்தானே? இங்கே அனைவரும் நலம்; எறும்புகள் மிகமிக நலம்.

நிச்சயம் செய்த அன்று "என் பையன் மூளைக்காரன்" என்று மார்தட்டினீர்கள். அந்த மூளையே இப்போது அவர் வேலைக்கு உலை வைத்திருக்கிறது. உங்களிடம் மூச்சு விட்டிருக்க மாட்டார். அவருடைய குளிர்பானக் கம்பெனியில் பழப்பாகைச் சூடாக்க ஒரு புது இயந்திரம் வந்ததாம். பாகும் தண்ணீரும் ஒன்றுதான் என்று மேனேஜர் கணக்குப் போட்டுச் சூட்டை வைக்க, பாகு கருகி ஊரே நாறியது. பழி மாப்பிள்ளை தலையில். நானாக இருந்தால் நாலு கும்பிடு போட்டுக் காரியத்தை முடித்திருப்பேன். இவரோ, "தண்ணிய விட பாகு சீக்கிரம் சூடேறும் சார், அதோட தன்வெப்பம் கம்மி, அளந்தே காட்டறேன்" என்று நிமிர்ந்து நிற்க, "அளந்துட்டு வாய்யா, அதுவரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டாதே" என்று கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

ஒரு கிலோ சரக்கை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அதுதான் தன்வெப்பமாம். சட்டியில் ஊற்றி அடுப்பில் வைத்துப் பார்க்க வேண்டியதுதானே? "நிக்க வெச்சா அடிப்பிடிக்கும் மாமா, ஓட விட்டுத்தான் அளக்கணும்" என்கிறார். விட்டார் ஐயா, அதுவும் என் வீட்டிலேயே! பரண்மேல் ஒரு டிரம் பாகு. அங்கிருந்து ரப்பர் குழாய் சமையலறைச் சுவரோரம் இறங்கி, நான் பேப்பர் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாளியில் முடிகிறது. நடுவில் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் மின்சாரத்தில் சூடாகும் கம்பிச்சுருள். பாகு நுழைகிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், வெளியே வருகிற இடத்தில் இன்னொன்று. வாளியைத் தராசில் தூக்கி வைப்பது என் பெண். பட்டப்படிப்பு படிக்க வைத்தேனே, அதற்குத்தான் போலிருக்கிறது. ஃபேன் கூடாது, ஜன்னல் கூடாது, கதவும் கூடாது. காற்றடித்தால் கணக்குக் கெட்டுவிடுமாம். இரண்டு தெர்மாமீட்டரும் அசையாமல் நிற்கும்வரை மூன்று பேரும் புழுங்கிச் சாக வேண்டும்.

ஒருவழியாக நின்றது. அப்பாடா என்று எழுந்தால், பாகின் வேகத்தை மாற்றி மறுபடியும் முதலிலிருந்து அளக்க வேண்டுமாம்! "ஏம்மா, ஒரு தடவை ஒழுங்கா அளக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டேன். "குழல்லேருந்து கொஞ்சம் சூடு வெளியே கசியுதுப்பா, எவ்வளவுன்னு தெரியாது. வேகத்தைக் கூட்டி, மின்சாரத்தையும் கூட்டி, அதே சூட்டு வித்தியாசத்துக்குக் கொண்டு வந்தா கசிவு ரெண்டு தடவையும் ஒண்ணுதானே. ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழிச்சா அது காணாமப் போயிடும்" என்றாள். தெரியாததிலிருந்து தெரியாததைக் கழிக்கிறார்களாம்! என் ஆபீசில் இப்படிக் கணக்குக் காட்டினால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும்.

வேகத்தைத்தானே கூட்ட வேண்டும் என்று, அவர்கள் சாப்பிடப் போன சமயம் பார்த்து நானே டிரம்மின் குழாய்த் திருகைத் திருப்பினேன். உங்கள் பிள்ளை குழாய் மாட்டிய லட்சணம், அது பிய்த்துக்கொண்டு துள்ளி என் தலையிலிருந்து கால்வரை அபிஷேகம் செய்துவிட்டது. எழுந்தேன், செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது, நான் மட்டும் குப்புற விழுந்தேன். மாப்பிள்ளை ஓடி வந்து முதலில் தூக்கியது எதை என்று நினைக்கிறீர்கள்? தெர்மாமீட்டரை! அதைத் துடைத்து வைத்த பிறகுதான் மாமனார். ஒரு வார்த்தை திட்டினாரா? அதற்கும் துப்பில்லை. "அடி பட்டுச்சா மாமா?" என்று கேட்டுவிட்டு மறுபடி டிரம்மை நிரப்பக் கிளம்பிவிட்டார்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, உங்கள் மூளைக்காரரை டிரம்மோடு அழைத்துப் போகவும். அவருக்கு ஒரு வேலை அமையும்வரை பெண் என் வீட்டில் இருப்பாள்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள (பிசுபிசுப்பான) சம்பந்தி

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் நாலு நாள் ஓடிவிட்டது; அதற்குள் மேனேஜரே வீடு தேடி வந்துவிட்டார். இரண்டாவது ஓட்டத்தையும் அளந்து மாப்பிள்ளை எழுதி அனுப்பிய கணக்குப்படி சூட்டை வைத்ததில் பாகு துளிக்கூடக் கருகவில்லையாம். "தப்பு என் பேர்லதான், நாளைக்கே வந்துடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த ரெண்டாவது ஓட்டம்தான் சார் முக்கியம், கசிவைக் கழிக்கணுமில்ல?" என்று நான்தான் அவருக்கு விளக்கினேன். இன்று எண்ணெயை ஓட விடுகிறோம். வெளிப்பக்கத்துத் தெர்மாமீட்டர் என் பொறுப்பு. தாங்கள் வர வேண்டாம். கதவைத் திறந்தால் காற்றடிக்கும்.