சிஸ்டரின் இதயத்துக்கு ஒரு கிளிப்

மைசூர் விஜயநகரில் எங்கள் கிராஸ் தெருவில் சிஸ்டரின் அனுமதி இல்லாமல் யாரும் தும்மியதுகூடக் கிடையாது. ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேஸ் சிலிண்டர்காரர் ரசீதை நீட்டினால் ரசீதை விட்டுவிட்டுக் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். ஒரு கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் கண் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையே, கீரை சாப்பிடப்பா" என்று வாழ்த்தினார்.

அப்படிப்பட்டவருக்குப் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கியது. முதலில் தூசி என்றார், பிறகு பனி என்றார். படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டுக்காரனான நான் அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

வரவேற்பறைப் பெண் பெயரைக் கேட்டாள். "பேஷண்ட் ஹெசரு?"

"சிஸ்டர்."

"உங்க சிஸ்டர்னு கொத்து சார், தெரியுது. பேரைச் சொல்லுங்க."

பதினோரு வருடப் பழக்கத்தில் பெயரைக் கேட்கவே தோன்றியதில்லை. சக்கர நாற்காலியிலிருந்தபடியே சிஸ்டர் ஆதார் அட்டையை நீட்டினார். அவள் என்னை எட்டிப் பார்க்கவிடாமல் எழுதிக்கொண்டு, உறவு என்ற இடத்தில் என்னைத் தம்பி ஆக்கிவிட்டாள்.

டாக்டர் விளக்கினார். "வால்வு சரியா மூடல. ரத்தம் பின்பக்கமா கசியுது. உங்களுக்கு ஏற்கெனவே பைபாஸ் ஆயிருக்கு, கிட்னியும் வீக். மறுபடி நெஞ்சைத் திறக்கறது ரிஸ்க். தொடையில ரத்தக்குழாய் வழியா ஒரு கிளிப்பைக் கொண்டுபோய் வால்வோட ரெண்டு இதழையும் சேர்த்துப் பிடிச்சிடலாம்."

"டாக்டர், இதயம் இங்க இருக்கு. தொடை அங்க இருக்கு."

"தெரியும் சிஸ்டர்."

"கிளிப்னா, கொடியில துணிக்குப் போடறதா, தலைக்குப் போடறதா?"

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எனக்கு அது ரிங் ரோடு மாதிரி தெரிந்தது. பலமாகத் தலையாட்டினேன்.

அவர் போனதும் சிஸ்டர் என் கையைப் பிடித்தார். நாடி பார்க்க அல்ல.

"பயமா இருக்கு தம்பி. நெஞ்சைத் திறந்தா என்னென்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். இதுல ஒண்ணுமே புரியல."

"எனக்கும் புரியல சிஸ்டர்."

"அப்புறம் எதுக்குத் தலையாட்டினே?"

"டாக்டர் ஆட்டினார். நானும் ஆட்டினேன்."

மூச்சிரைக்கச் சிரித்தார். சிரித்து முடித்து, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை முடிந்து கண் விழித்தவர் முதலில் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். கட்டு இல்லை. தையல் இல்லை. "ஏமாத்திட்டாங்க தம்பி! ஒண்ணுமே பண்ணல. தொடையில மட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருக்காங்க!" டியூட்டி நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். பழையதில் பெரிதாகப் பீறிட்ட கசிவு, புதியதில் நூலாக மெலிந்திருந்தது.

சிஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கசியுதே?"

"கொஞ்சம் இருக்கும் சிஸ்டர்."

"அப்படிச் சொல்லுங்க. அப்பதான் நம்புவேன்."

அன்று மத்தியானம் நிமிர்ந்து படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினார்.

போன வாரம் எங்கள் வீட்டு மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறி வந்தார். "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று கேட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் பத்து நிமிடம் திட்டினார். நடுவில் ஒருமுறைகூட மூச்சு வாங்கவில்லை.

மாத்திரையைக் காலையிலேயே போட்டிருந்தேன். சொல்லவில்லை.