உப்பில்லாத முப்பது நாள்

எதையும் அளந்து டைரியில் எழுதிவிட்டால் அது எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அந்தக் குணம் என்னை ஒருமுறை நன்றாகவே கவிழ்த்தது.

தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கெமிஸ்ட்ரி நடத்துகிறேன். போன வருடம் பி.பி. எகிறியது. டாக்டர் அருள் என் பழைய மாணவன். "ஒரு மாசம் உப்பைக் குறைங்க சார். இறங்கலேன்னா மாத்திரைதான்" என்றான். தினமும் மாத்திரை என்றால் கிழவன் என்று முத்திரை குத்தியது மாதிரி. விடுவேனா? அன்றே உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றினேன்.

இரண்டு நாள் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடையில் சோயா சாஸ் கண்ணில் பட்டது. சோயா ஒரு பயறு, பயறு என்றால் புரதம் (என்ன ஒரு மூளை). டைரியில் கட்டம் போட்டேன். உப்பு: பூஜ்யம். சாஸ்: உப்புமாவில் பத்து மில்லி, ரசத்தில் பதினைந்து, தயிர்சாதத்தில் பத்து. ஸ்பூனை நம்பாமல் ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்தேன்.

தயிர்சாதம் காபி நிறத்தில் இருப்பதாக மனைவி ஸ்டெல்லா சொன்னாள். ஆரோக்கியத்தின் நிறம் அது என்றேன்.

"குடம் குடமா தண்ணி குடிக்கிறீங்களே, அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன், லிட்டரில்.

முப்பதாம் நாள் பி.பி. முன்பைவிட அதிகம். அருள் பட்டையை மறுபடி சுற்றிப் பார்த்தான், அதேதான். உப்பு சேர்த்தீர்களா என்று கேட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. டைரியைத் திறந்து, வகுப்பில் வாசிக்கிற குரலில் முதல் நாளிலிருந்து வாசித்தேன் (வெளியே காத்திருந்தவர்களும் பயனடைந்தார்கள்). ஏழாம் நாளில் அருள் கையைக் காட்டி நிறுத்தினான்.

"சார், சோயா சாஸே உப்புத் தண்ணியில ஊறி வர்றதுதான். பாட்டில்ல போட்டிருக்குமே?"

நான் டைரியை மூடினேன்.

"லேபிள் படிக்காம பாட்டிலைத் தொட்டேன்னு என்னை லேபுக்கு வெளியே நிறுத்தினது நீங்கதான் சார்."

கூட வந்திருந்த ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் நாற்காலி நகர்ந்தது. நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாஸை அடியோடு விட வேண்டாம் என்றான் அருள். பொரியலில் கால் ஸ்பூன் விட்டால் அதில் வேறு உப்பு கூடாது. ருசிக்கு இஞ்சி, பூண்டு, எலுமிச்சை. சொல்லிக்கொண்டே மாத்திரையையும் எழுதிவிட்டான்.

மாத்திரை இன்றும் தொடர்கிறது. கோவளம் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம், கால் நனைக்கப் போகிற என்னை ஸ்டெல்லா கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

"ஏங்க, இதுல லேபிள் ஒட்டலை. நானே சொல்லிடறேன், உப்பு இருக்கு."