அத்தை வேஷத்தில் உப்புப் பார்த்தது

மடவார் வளாகம், ஸ்ரீவில்லிபுத்தூர்
புதன் இரவு

அன்புள்ள ராஜபாளையம் அத்தைக்கு, உங்கள் மருமகள் யோகேஸ்வரி எழுதிக்கொள்வது.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். மாமாவுக்கு வேண்டாம். கௌதம்ராஜ் அத்தானுக்கு வேண்டவே வேண்டாம், அவர் சிரித்துக்கொண்டே அப்பாவுக்குப் போன் போடுவார். இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் யாரும் நலமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் எல்லோரும் சாப்பிட வருகிறீர்கள் என்று அப்பா சொன்ன நாளிலிருந்து அம்மா தூங்கவில்லை, எங்களையும் தூங்கவிடவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் சடங்குப் பந்தியில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. "ஏட்டி அனுசியா, ரெண்டு கெடா வெட்டுன வீட்டுல உப்புக்கா பஞ்சம்?" என்று நீங்கள் கேட்க, "வேணும்னா கேட்டு வாங்கித் திங்கணும் மதினி" என்று அம்மா சொல்ல, பாதி இலையில் எழுந்து கை கழுவினீர்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நீங்கள் கை நனைக்கவே இல்லை. தாத்தா காரியத்துக்கு வந்தபோதுகூடத் தண்ணீர் குடிக்காமல் பஸ் ஏறினீர்கள். லீவுக்கு நான் உங்கள் வீட்டுக்கு வருவதும் அன்றோடு நின்றது. இந்தத் தடவையும் சாப்பாட்டில் ஏதாவது ஆகிவிட்டால் நான் காலேஜ் முடிக்கும்வரை உங்கள் வாசலை மிதிக்கப்போவதில்லை. அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன்.

அம்மா பூக்குழி இறங்கக் காப்புக் கட்டியிருக்கிறாள், அப்பாவும்தான். வெள்ளிக்கிழமை பூக்குழி முடியும்வரை வீட்டுக்குள் கறி வராது. ஆனால் செய்து பார்க்காமல் உங்கள் முன்னால் வைக்க அம்மாவுக்குத் தைரியம் கிடையாது. அதனால் மீல்மேக்கர் வாங்கிவந்து, அதையே ஆட்டுக்கறி என்று வைத்துக்கொண்டு தினமும் குழம்பு வைக்கிறாள். முதல் நாள் தேங்காயை வறுத்து அரைத்தாள், மறுநாள் வறுக்காமல் அரைத்தாள், மூன்றாம் நாள் யூடியூபில் ஒரு அக்கா சொன்னாள் என்று கசகசாவைக் கொட்ட, குழம்பு களியாகிக் கரண்டி நட்டமாக நின்றது. வெங்காயம் பூண்டு சேர்ந்ததை அவர்கள் இரண்டு பேரும் நாக்கில் வைக்க முடியாது. வீட்டில் விரதம் இல்லாத நாக்கு என்னுடையது ஒன்றுதான். எனக்குத் திங்கட்கிழமை அறிவியல் பரீட்சை அத்தை. ஒளிச்சிதறல் படிக்கும்போதெல்லாம் "ஏட்டி, ஒரு வாய் பாரு" என்று கரண்டி வந்துவிடுகிறது.

நான்காம் நாள்தான் அந்த வினை நடந்தது. அம்மா இலை போட்டு என்னை உட்காரவைத்து, "இப்ப நீதான் மதினி. அவிய மாதிரியே மொகத்த வச்சுக்கோ" என்றாள். எனக்கும் கொஞ்சம் குஷி வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் அத்தை, உங்களைப் போலவே உதட்டைப் பிதுக்கி, "என்ன அனுசியா, உப்பே இல்லியே" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன், உப்பு சரியாகவே இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கை நிறையக் கல் உப்பை அள்ளிப்போட்டு, கொதிக்கவைத்துக் கொண்டுவந்து ஊற்றினாள். ஒரு வாய் வைத்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இப்ப எப்பிடி இருக்கு மதினி?" என்று பயந்த குரலில் என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்வேன்? "இப்பத்தான் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். உடனே அந்த அளவைக் காலண்டர் தாளில் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அதே அளவுதானாம்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நேற்று பக்கத்தில் போய், "அம்மா, அந்த உப்பு கொஞ்சம்..." என்று இழுத்தேன். "மதினியே ஒத்துக்கிட்ட உப்ப நீ என்னட்டி பேசுத?" என்று விரட்டிவிட்டாள்.

அதனால் அத்தை, நீங்கள் ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டு, உங்களுக்குப் பிபி இருக்கிறது, டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று சொல்லுங்கள். ரொம்பக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள், பிறகு பழையபடி சடங்குக் குழம்பாகிவிடும். பாதியாக என்று சொன்னால் போதும். போன் அம்மா கையிலேயே இருப்பதால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உங்கள் ஊரிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் சத்யப்பிரியாவிடம் நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அத்தானைக் கேட்டதாக மட்டும் சொல்லுங்கள், ஏன் என்று சொல்ல வேண்டாம். உங்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் கேட்கும் யோ

கதவைத் தட்டுகிறார்க

பின்குறிப்பு: மதினிக்கு அனுசியா எழுதுவது. தட்டியது நான்தான். லெட்டரை அறிவியல் புத்தகத்துக்குள் திணித்துவிட்டு, லைட்டைக்கூட அணைக்காமல் தூங்குகிற மாதிரி படுத்தாள். செத்த நேரத்தில் நிஜமாகவே தூங்கிவிட்டாள். நான் படித்துவிட்டேன். உப்பு கூடிப்போனது எனக்கு அன்றைக்கே தெரியும், இவளிடம் ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. பக்கத்து வீட்டு மாரிக்கனிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்பு மோர் கேட்டு வந்தாள். அந்தத் தாளைக் கிழித்துப் புது அளவு எழுதி வைத்தேன். பிறகு அதிலும் சந்தேகம் வந்து இரண்டு தடவை மாற்றிவிட்டேன், இப்போது எது சரி என்று எனக்கே தெரியவில்லை. உங்களுக்குப் பிபி எல்லாம் வர வேண்டாம். ராத்திரிக்கு வராமல் சாயங்காலம் நாலு மணிக்கே வாங்க. கறியைக் கழுவி, மசாலா அரைத்து, அடுப்பில் ஏற்றி வைத்திருப்பேன். உப்பை நீங்கள் உங்கள் கையால் போடுங்கள் மதினி.

போட்ட பொறவு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது.