சேவல் இல்லாத வீட்டு முட்டை

கிறிஸ்துநாயகத்தின் வலது கை அடைக்கோழியின் வயிற்றுக்குக் கீழே இருந்தது. கோழி அவருடைய மணிக்கட்டைக் கொத்திக்கொண்டிருந்தது. கத்தவும் முடியாது, மகள் மக்டலீன் பள்ளிக்கூடத்தால் வரும் நேரம்.

"என்னப்பா செய்யிறியள்?" என்றாள் மனைவி லூர்த்தம்மா.

"சத்தம் போடாதை. முட்டை பாக்கிறன்."

ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தார். டோர்ச் விளக்குக்குப் பற்றறி கிடைக்காத காலம், சூரியனைத்தான் நம்பவேண்டும். சூரியனும் ஒன்றையும் காட்டவில்லை.

"உதிலை என்ன தெரியும்? எங்கடை சேவல் கோயில் பெருநாளுக்கு உங்கடை வயித்துக்கை போய் மூண்டு மாதமாச்சு. காலைச் சூப்பினது மறந்துபோச்சோ? சேவல் இல்லாமல் இட்டது கூழ்முட்டைதான்."

கிறிஸ்துநாயகம் அப்படியே குந்திவிட்டார்.

மக்டலீன் புலமைப்பரிசில் பரீட்சையில் கோட்டை விட்டவள். முடிவு வந்தபின் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்காமல் முற்றத்து மண்ணில் ஈர்க்கால் கீறிக்கொண்டே இருந்தாள். அந்த இரண்டு நாளும் இவருக்குச் சோறு இறங்கவில்லை. பிறகுதான் அவள் இந்தக் கோழியைப் பிடித்துக்கொண்டாள். கூட்டை விட்டு வெளியே விடாமல் பார்த்தாள். ஐந்து முட்டைக்குக் கரியால் சிலுவை போட்டு அடைக்கு வைத்தாள். "சனிக்கிழமை எங்கடை வகுப்பு யாகப்பு சேரையும் கூட்டிக்கொண்டு வாறன், அப்பா. எல்லாரும் பாக்கட்டும்" என்றும் சொல்லிவிட்டாள்.

"இன்னொருக்கா அவள் தோக்கக் கூடாது, லூர்த்து. பிள்ளை உடைஞ்சு போடுவாள்."

"அவள் எங்கை உடைஞ்சவள்? பிழையாப்போன கணக்கை மண்ணிலை திரும்பச் செய்து பாத்தவள். நீங்கள்தான் உடைஞ்சியள். போன வருச ஓட்டப்போட்டியிலை மற்றப் பிள்ளையளுக்கு இனிப்புக் குடுத்து மெதுவா ஓடச் சொன்ன ஆளெல்லோ!"

"அவள் முதலாவதா வந்தவள்தானே?"

"ஓம். மற்றதுகள் நடந்து வந்ததுகள்."

பெத்த மனம் பித்து. அது லூர்த்தம்மாவுக்கு விளங்கவில்லை என்று முடிவுசெய்து, அவர் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டுக்குப் புகுந்தார். செபஸ்தியம்மாவின் கோழியும் அடைக்கு இருந்தது. மக்டலீன்தான் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் வைத்தவள். அங்கே சேவலும் உண்டு.

"அக்கா, உங்கடை கோழியின்ரை முட்டையிலை அஞ்சு தாங்கோ. ஒருதருக்கும் சொல்லாதையுங்கோ."

செபஸ்தியம்மா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எடு தம்பி. ஆனா உங்கடை முட்டையளை இஞ்சை வைச்சிட்டுப் போ. முட்டை குறைஞ்சா என்ரை கோழி எழும்பிப் போடும்."

மாற்றிக் கொண்டுவந்த ஐந்து முட்டைகளுக்கும் கரியால் சிலுவை போட்டார். மீன்வலை பொத்துகிற கை. சிலுவை நங்கூரம் மாதிரி வந்தது. இவ்வளவு பாடுபட்டும் கோழி ஒரு தரம் பார்த்துவிட்டு இறங்கி நடந்தது. பிடித்து இருத்தினார், மறுபடி இறங்கியது. கடைசியில் பெரிய ஓலைக் கடகத்தால் கவிழ்த்து மூடி, பக்கத்தில் காவல் இருந்தார். தொழிலுக்கும் போகவில்லை.

கூட்டாளி அடைக்கலநாதன் தேடி வந்தான். "அக்கா, அண்ணைக்குச் சுகமில்லையோ?"

"அடைக்கு இருக்கிறார், தம்பி" என்றாள் லூர்த்தம்மா.

சனிக்கிழமை யாகப்பு வாத்தியாரும் வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். மக்டலீன் கடகத்தைத் தூக்கினாள். கீச்சுக் கீச்சென்று ஐந்து குஞ்சுகள்! கிறிஸ்துநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளோ, வாத்தியார்! என்ரை பிள்ளை வைச்சா பிழையே வராது!"

வாத்தியார் தலையைச் சொறிந்தார். "பிழையாப்போச்சே, அண்ணை. சேவல் இல்லாத முட்டை பொரிக்காதெண்டு காட்டிறன் எண்டெல்லோ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள்."

கிறிஸ்துநாயகம் தலையில் கை வைத்தார். ஐயோ, அந்தோனியாரே! தோற்கவிடக் கூடாது என்று ஓடித்திரிந்த பிள்ளையை, ஊரைக் கூட்டித் தன் கையாலேயே தோற்கடித்துவிட்டார். உண்மையைச் சொல்லவும் பயம். மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மக்டலீன் அழவில்லை. ஒரு முட்டைக் கோதைப் பொறுக்கி, அதிலிருந்த நங்கூரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ, சேர். இன்னும் முடியேல்லை" என்றவள், வேலிப் பக்கம் திரும்பி, "மாமி!" என்று கூப்பிட்டாள்.

வேலிக்கு மேலால் செபஸ்தியம்மாவின் தலை எழும்பியது.

"நீ சொன்ன மாதிரியே உன்ரை அப்பர் வந்து மாத்தினவர், பிள்ளை, உன்ரை முட்டை அஞ்சும் இஞ்சை பொரிக்காமல் பத்திரமாக் கிடக்கு!"